உடைமை வழக்கா? எந்த உடைமை, என்ன வழக்கு?

ரயிலில் பெட்டி களவுபோனால் இழப்பீடு கேட்பது எப்படி என்று விளக்கும் ஒரு தமிழ்க் குறிப்பு அண்மையில் கண்ணில் பட்டது. லக்கேஜ் பற்றிய வழக்கைச் சொல்ல அதில் வரிக்கு வரி 'உடைமை வழக்கு'. சட்டத் தமிழில் உடைமை என்றால் ஒரு பொருள் ஒருவர் கைவசம் இருப்பது. கோர்ட் வளாகத்தில் சுவாதீனம் என்பார்களே, அது. 'உடைமை வழக்கு' என்று கேட்டால் வக்கீல் குமாஸ்தா முதலில் மனையின் சர்வே நம்பரைத்தான் கேட்பார்.

முதலில் 'வழக்கு'. அதன் வேர்ப் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழங்குவது வழக்கு. தொல்காப்பியப் பாயிரத்தின் 'வழக்கும் செய்யுளும்' பேச்சு வழக்கைச் சொல்கிறது. சிலம்பின் வழக்குரை காதையில் அதே சொல் நீதி கேட்பதாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் கோர்ட் கேஸ் லத்தீன் 'காசுஸ்' (நேர்ந்தது) வழி வந்தது. பெட்டியான கேஸ் 'காப்சா' (பேழை) வழி வந்தது. உருவம்தான் ஒன்று, பிறப்பு வேறு. சூட் நேர்மாறு: உடுத்தும் சூட்டும் தொடுக்கும் சூட்டும் 'பின்தொடர்தல்' என்ற ஒரே வேரின் பிள்ளைகள். ஆக, சூட்கேஸின் இரு பாதியையும் கோர்ட்டிலும் கேட்கலாம்.

சட்டத்தில் சூட்டுக்கு, அதாவது உரிமையியல் கோர்ட்டில் தொடுக்கும் வழக்குக்கு, எல்லை உண்டு. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டப்படி பிராது (வாதி எழுதிக் கொடுக்கும் முறையீடு) தாக்கலானால்தான் சூட் பிறக்கும். மேல்முறையீடும் மனுவும் சூட்டில் அடங்கா என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். நம் செய்தித்தாள்களிலோ போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டாலும் வழக்கு, ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டாலும் வழக்கு. பழைய குமாஸ்தாக்கள் சூட்டை மட்டும் 'தாவா' என்று பிரித்துச் சொன்னார்கள். அரபுச் சொல் என்று அதை விரட்டினோம். 'உரிமையியல் வழக்கு' வந்தது. நல்ல சொல்தான், எழுதத்தான் ஆளில்லை. பெட்டியைத் தொலைத்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கே கொடுப்பது புகார். குறிப்பை எழுதியவர் இரண்டு சொல்லிலும் தவறியிருக்கிறார்.

சரி, உடைமைக்கு வருவோம். தூய தமிழ், சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும் என்று அதற்குப் பரிந்து பேசுவோர் உண்டு. எனக்கும் தூய தமிழ் பிடிக்கும். ஆனால் தூய்மைக்காகப் பொருளைப் பலி கொடுக்க முடியாது. 'உள்ளம் உடைமை உடைமை' என்ற குறளில் உடைமை என்பது கொண்டிருக்கும் நிலை; கொண்ட பொருளைச் சொல்ல வள்ளுவருக்கே 'பொருளுடைமை' என்று இன்னொரு சொல் சேர்க்க வேண்டியிருந்தது. (அது 'நில்லாது நீங்கி விடும்' என்றும் சொல்லிவிட்டார். பெட்டியைப் பறிகொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான குறள் கிடைக்காது.) பேச்சில் உடைமை பொருளையும் குறிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் வீடு, நிலம், கார் எல்லாம் அதில் வந்துவிடும். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டமோ மோட்டார் வாகனம் பேகேஜ் (பயணியின் சாமான்) ஆகாது என்று வெளிப்படையாக விலக்குகிறது. பயணியோடு கூட வராமல் தனியே அனுப்பப்படுவதைச் சேர்த்துக்கொள்கிறது. கார் உடைமைதான், பேகேஜ் அல்ல. இதை மொழிபெயர்த்துப் பாருங்கள்: 'உடைமை என்பதில் மோட்டார் வாகனம் அடங்காது.' கார் வைத்திருப்பவர் வயிறு கலங்காதா?

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் லக்கேஜ் என்றால் பயணி தன் பொறுப்பில் கொண்டுபோகும் சரக்கு, அல்லது ரயில்வேயிடம் ஒப்படைத்த சரக்கு. அதன் 100-ஆவது பிரிவுப்படி, ஊழியர் பதிவு செய்து ரசீது கொடுத்த லக்கேஜுக்குத்தான் ரயில்வே பொறுப்பு. இருக்கைக்கு அடியில் நாமே சங்கிலி போட்டு வைத்தது போனால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவோ தவறான நடத்தையோ காரணம் என்று நிரூபிக்க வேண்டும். அதாவது, யார் பொறுப்பில் போனது என்பதுதான் அங்கே கேள்வி. உடைமை என்று எழுதினால் அது யாருக்குச் சொந்தம் என்ற வேறு கேள்வி தலைதூக்கும்.

லக்கேஜுக்கும் பேகேஜுக்கும் ஈடான சொல்லாக என் ஓட்டு 'பயணப்பொதி'க்கு. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் நெடுநாளாகப் புழங்கும் சொல். பொதி என்றால் கழுதைதான் நினைவுக்கு வருகிறது என்று இங்கே முகம் சுளிப்பார்கள். திருப்பைஞ்ஞீலி வழியில் களைத்துவந்த அப்பருக்குச் சிவன் கொடுத்தது பொதிசோறு. அதில் கழுதை எங்கே வந்தது? கட்டி எடுத்துச் செல்வது பொதி, அவ்வளவுதான். கூட வராத பொதி, ஒப்படைத்த பொதி, கைப்பொதி என்று எந்தப் பிரிவுக்கும் வளைந்துகொடுக்கும். வீட்டுப் பேச்சில் லக்கேஜ், சாமான், பெட்டி படுக்கை எதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். சட்டம் எழுதும்போது மட்டும் பயணப்பொதி.

அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது. விமான நிலையத்தில் பெட்டி சுற்றிவரும் இடத்தை, 'பேகேஜ் கிளெய்ம்' என்பதை, 'உடைமை உரிமைகோரல்' என்று ஒருவர் பெயர்த்திருந்தார். அங்கே யாரும் வாதி இல்லை, பிரதிவாதி இல்லை. 'பெட்டி எடுக்குமிடம்' என்று எழுதினால் போதும்.