வாரண்டி: பொறுப்புறுதி

மதுரையில் மிக்ஸி வாங்கினாலும் சரி, பைக்குக்கு பேட்டரி வாங்கினாலும் சரி, கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிடுவார்: "கியாரண்டி கெடையாதுண்ணே, வாரண்டி மட்டுந்தேன்." கெட்டுப்போனால் புதிதாக மாற்றிக் கொடுப்பது கியாரண்டி, காசு வாங்காமல் பழுது பார்த்துக் கொடுப்பது வாரண்டி. இது கடைத்தெரு இலக்கணம். சட்டத்திலும் அகராதியிலும் இது செல்லாது.

பிறப்பால் இரண்டும் ஒரே சொல். காப்பவர், பொறுப்பேற்பவர் என்ற பொருளில் பழைய பிராங்கிய மொழியில் இருந்த ஒரு வேர், பிரான்சின் வடக்கே வகரத்தோடு நின்றது. பாரிஸ் பக்கம் ககரமாகத் திரிந்தது. வெவ்வேறு காலத்தில் இரண்டு வடிவங்களும் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டன. ஹாஸ்டல் வார்டனும் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் கார்டியனும் இதே மாதிரி இரட்டையர்தான். போலீஸ் கொண்டுவரும் வாரண்டும் இந்தக் குடும்பமே. அதற்கு மட்டும் பிடியாணை என்ற நல்ல தமிழ்ச் சொல் ஊன்றிவிட்டது.

இடைக்கால இங்கிலாந்தில் வாரண்டி நிலத்தோடு சம்பந்தப்பட்ட சொல். நிலத்துக்கு வேறு யாராவது உரிமை கோரி வந்தால், கொடுத்தவரே முன்னின்று வழக்காட வேண்டும், தோற்றால் ஈடும் தர வேண்டும். நம் பத்திர எழுத்தர்களுக்கு இது புதிதே இல்லை. சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் ஏதாவது வந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன் என்று கிரயப் பத்திரத்தில் ஒரு பத்தி வருமே, அதுதான் வாரண்டி. விற்கும் நாளில் உள்ளே இருந்த வில்லங்கத்துக்கு விற்றவர் பொறுப்பு. வாங்கியவர் பக்கத்து வயலுக்குள் வரப்பை நகர்த்தி வம்பில் மாட்டினால், விற்றவரைக் கூப்பிட முடியாது. பைக்கில் மாற்றம் செய்தவர்களுக்கும் ஷோரூமுக்கும் நடக்கும் வாரண்டிச் சண்டை முழுக்க, குறை விற்றவருடையதா வாங்கியவர் வரவழைத்ததா என்ற இந்த ஒரு கோட்டின் மேல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் எழுதுவது உத்தரவாதம். உத்தரம் என்றால் மறுமொழி; கேள்வி வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உத்தரவாதி. மலையாளத்தில் இதே சொல் பொறுப்பு என்ற பொருளில் அன்றாடம் புழங்குகிறது. பிழையான சொல் இல்லை. ஆனால் கியாரண்டிக்கும் அதையே போடுகிறோம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி கியாரண்டி என்றால், ஒருவர் கடனுக்கு இன்னொருவர் மூன்றாமவரிடம் ஏற்கும் பொறுப்பு. தமிழில் பிணை, பேச்சில் ஜாமீன். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாரண்டி என்பது விற்பனையின் முக்கிய நோக்கத்துக்குத் துணையாக நிற்கும் ஓர் உறுதிமொழி. அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். அதை மட்டும் காட்டிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே கியாரண்டிக்குப் பிணை, வாரண்டிக்குப் பொறுப்புறுதி என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. காப்புறுதி வேண்டாம், இலங்கைத் தமிழில் அது இன்சூரன்ஸ்.

யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்வி பொறுப்புறுதி என்ற சொல்லிலேயே இருக்கிறது. வண்டியின் பாகங்களை மாற்றியமைக்கும், பட்டறைகளில் ஆல்ட்ரேஷன் என்று சொல்லும் வேலைகளுக்கு அந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்கலாம். ஹேண்டில் பாரை மாற்றியவர் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்தது என்று வந்தால், இரண்டுக்கும் தொடர்பே இல்லை. சைலன்சர் கதை வேறு. காற்று தடையில்லாமல் போகும் சைலன்சரையும் திறந்த ஏர் ஃபில்டரையும் சேர்த்து மாட்டினால் இன்ஜினுக்குள் காற்று கூடும், அந்த அளவுக்குப் பெட்ரோல் கூடாது. ஆக்சிஜன் சென்சார் ஓரளவுக்குத்தான் சமாளிக்கும். அதற்கு மேல் சூடு ஏறி, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப் நீலம் பாய்ந்து நிற்கும். பிறகு வால்வு கருகினால், "கம்பெனி வால்வு மட்டம்" என்று வாதாடுவது கஷ்டம். ஈசியு ரீமேப், அதாவது இன்ஜினை நடத்தும் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது, இன்னும் மோசம். பெட்ரோல் அளவும் ஸ்பார்க் நேரமும் கம்பெனி வைத்த கணக்கிலிருந்து விலகிவிடுவதால், பிஸ்டன் முதல் கிளட்ச் வரை எதில் கோளாறு வந்தாலும் விரல் அங்கேதான் நீளும்.

அதிகம் பேர் மாட்டுவது ரீமேப்பில்கூட இல்லை, வயரில். கூடுதல் எல்இடி விளக்குக்காக ஹெட்லைட் வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். ரிலே கிடையாது, ஃபியூஸ் கிடையாது. ஒரு மழைக்காலம் தாண்டி டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். அப்புறம் ரெகுலேட்டர் போனாலும் மீட்டர் அணைந்தாலும், சர்வீஸ் சென்டர்காரர் முதலில் அந்த டேப்பைத்தான் போட்டோ எடுப்பார். ஐநூறு ரூபாய் விளக்குக்காக மின்சாரப் பாகம் முழுவதன் பொறுப்புறுதியையும் பணயம் வைப்பது வீண் வேலை.

ஆனால் "சைலன்சர் மாத்திட்டீங்க, வாரண்டி மொத்தமா போச்சு" என்று ஷோரூமில் சொன்னதும் தலையாட்டிவிட்டு வரவும் வேண்டாம். முதலில் கையேட்டைப் படியுங்கள். மாற்றத்தால் வந்த கோளாறுக்கு மட்டும் பொறுப்பில்லை என்கிறதா, எந்த மாற்றம் செய்தாலும் மொத்தமும் ரத்து என்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிப் பாகம் போட்டார் என்பதற்காகவே வாரண்டியை மறுக்க நிறுவனங்களை விடுவதில்லை. அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்ட வேண்டும். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் இதை ஒட்டி ஓர் உத்தரவு போட்டது: வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததற்காக மொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம். மேல்முறையீடுகள் நடந்தன, அது கார் சர்வீஸ் பற்றியது, பைக் ஆல்ட்ரேஷன் பற்றியது இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் வரப்பு எங்கே என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஷோரூமுக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சத்தத்துக்கான 190-ஆம் பிரிவு தனி. முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும். கோரிப்பாளையம் சிக்னலில் அதிரவிடும் தம்பிகளுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, ஜாப் கார்டு என்னும் வேலைச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "வெளிப் பாகம் பொருத்தப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி பின்னால் பெரிதாக நிற்கும். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாகம், எந்த மாற்றத்தால் போனது என்று அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஷோரூம் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். ஐந்து லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு மனுக் கட்டணம் கிடையாது. சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையமே உத்தரவிடலாம். அதனால் கழற்றிய பழைய வால்வையோ பிஸ்டனையோ பட்டறையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள்.