கைராசியா, யூ.வி. விளக்கா?

கோத்தகிரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "மூன்று முறை குளோனிங் செய்தேன். பிளேட்டில் ஒரு காலனிகூட வரவில்லை. தோழிக்கு முதல் தடவையே வந்துவிட்டது. உனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள். எங்கே தப்பு?"

கைராசிப் பேச்சை ஆய்வுக்கூடத்துக்குள் விடவே கூடாது. அதை நம்பிவிட்டால் காரணம் தேடுவது நின்றுபோகும். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: டி.என்.ஏ. துண்டுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில், வேண்டிய துண்டு நிற்கும் பேண்டை (பட்டையை) வெட்டும்போது யூ.வி. (புற ஊதா) விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது? "நான்கு நிமிடம் இருக்கும். நேராக வெட்ட வேண்டுமே!" தோழியோ சட்டென்று வெட்டி எடுத்துவிடுவாராம்.

குளோனிங் என்பது, இப்படி வெட்டிய டி.என்.ஏ. துண்டைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துவது. அது பெருகிப் பிளேட்டில் புள்ளியாகத் தெரியும் கூட்டமே காலனி. எத்திடியம் புரோமைடு என்ற சாயம் ஏறிய டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரிய, கீழிருந்து யூ.வி. அடிக்கிறோம். பல யூ.வி. விளக்குப் பெட்டிகளில் அதன் அலைநீளம் 302 அல்லது 312 நானோமீட்டர். குளிர்தானே என்று ஊட்டியில் தொப்பியில்லாமல் திரிந்தவர் முகம் கறுக்கிறதே, அந்த யூ.வி.-பி வகைதான் இதுவும். வெறும் அரை நிமிடமே காலனிகளைப் பல மடங்கு குறைத்துவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின். இழையில் இரண்டு தைமின்கள் அடுத்தடுத்து வரும் இடங்கள் ஏராளம். யூ.வி. பட்டதும் இரண்டிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு திறந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நான்கு கார்பன் கொண்ட வளையமாகின்றன. ஆகும் நேரம் சுமார் ஒரு பிக்கோ நொடி, அதாவது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பிறகு டி.என்.ஏ.வைப் படியெடுக்க வரும் பாலிமரேஸ் நொதி அங்கே முட்டி நின்றுவிடும்.

இதைப் பழுதுபார்க்க ஈ.கோலையிடம் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. ஒரு செல்லுக்கு 10, 20 மூலக்கூறுகள்தான். அது வளையத்தைக் கண்டுபிடித்து, அந்த ஜோடியைச் சுருளிலிருந்து வெளியே திருப்பித் தன் குழிக்குள் வைத்துக்கொண்டு, நீல ஒளிக்காகக் காத்திருக்கும். ஒளி பட்டதும் ஒரே ஓர் எலக்ட்ரானைக் கடனாகக் கொடுக்கும். வளையம் பிரியும், தைமின்கள் பழையபடி ஆகும், எலக்ட்ரானும் நொதிக்கே திரும்பிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது! செடிகளுக்கும் இவ்வகை நொதி உண்டு. கோத்தகிரி வெயிலில் தேயிலைச் செடி அதே வெயிலைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பக்கத்தில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இந்த நொதி கிடையாது. நம் செல்கள் பழுதான துண்டையே வெட்டி எறிந்து புதிதாக நிரப்ப வேண்டியிருக்கிறது. ஈ.கோலைக்கு அந்த வழியும் தெரியும். ஆனால் நாம் பிளேட்டை இருட்டான இன்குபேட்டரில் வைத்துவிடுகிறோம், ஒளி வழி அடைபடுகிறது. நான்கு நிமிடச் சேதத்தை வெட்டி நிரப்பும் வழி மட்டும் சமாளிக்காது.

டி.என்.ஏ.வைத் தொடாத நீல ஒளிப் பெட்டியும் அதற்கேற்ற சாயமும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பெரிய கருவிகளுக்குப் பணம் ஒதுக்கும் கல்லூரிகள், மாணவர் தினமும் தொடும் இதற்கு முதலில் ஒதுக்க வேண்டும்.

அதுவரை செலவில்லாத வழி ஒன்று. ஜெல்லின் பக்கத்துக் குழியில் அதே டி.என்.ஏ.வைக் கொஞ்சம் ஓட்டுங்கள். ஓடியபின் அந்தப் பகுதியை மட்டும் தனியே வெட்டி யூ.வி.யில் பார்த்து, பேண்ட் இருக்கும் இடத்தில் பிளேடால் கீறுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, மீதி ஜெல்லோடு சேர்த்து வைத்து, அந்தக் கீறலுக்கு நேராகச் சாதாரண வெளிச்சத்தில் வெட்டுங்கள். அப்புறம் எவ்வளவு நிதானமாக வேண்டுமானாலும் வெட்டலாம்.