ரத்தம் கசியும் கல்

ஸ்பெயினின் ஆவிலா நகரைச் சுற்றி ஏறத்தாழ 2.5 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. 80-க்கும் மேற்பட்ட கோபுரங்கள், 9 வாயில்கள். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே, குளிர் கடுமையான மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர் அது. அங்குள்ள பேராலயத்தின் பின்புறம் மதிலோடு மதிலாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஊருக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அது ஆலயமாகத் தெரியாது. சாம்பல் நிறக் கருங்கல்லில் எழும்பிய தடித்த கொத்தளமாகத்தான் தெரியும்.

உள்ளே போனால் கண் திகைத்துவிடும். பலிபீடத்தைச் சுற்றி வரும் நடைவழியின் தூண்களிலும் வளைவுகளிலும் வெள்ளைமீது சிவப்புத் திட்டுகள் படர்ந்திருக்கின்றன. யாரோ சாயத்தைக் கொட்டியதுபோல இருக்கிறது. ஆனால் அது பூச்சு அல்ல, கல்லின் நிறமே அதுதான். ஊர் மக்கள் அதை 'ரத்தம் கசியும் கல்' என்கிறார்கள்.

அருகிலுள்ள லா கொலில்யா என்ற ஊரின் குவாரிகளிலிருந்து வந்த இந்தக் கல்லும் ஒரு காலத்தில் சாதாரணக் கருங்கல்தான். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு ஆறி உருவானது. பின்னர் மேலிருந்த பாறைகள் தேய்ந்து அது வெளியே தலைகாட்டியபோது, இன்றைய ஆவிலாவுக்குச் சற்றும் பொருந்தாத, வெப்பமும் ஈரமும் மிகுந்த தட்பவெப்பம் அங்கே நிலவியது. நிலத்தில் இறங்கிய மழைநீர் கருங்கல்லின் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைச் சிதைத்து வெண்களிமண்ணாக்கியது. கறுப்பு மைக்கா என்ற இன்னொரு கனிமத்திலிருந்த இரும்பும் விடுபட்டது. ஆக்சிஜன் குறைந்த நீரில் இரும்பு கரைந்து நகரும். ஆக்சிஜனைச் சந்தித்த இடத்தில் துருவாகப் படிந்துவிடும். நீர் போன வழியெல்லாம் சீராக இருப்பதில்லை. அதனால்தான் சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும், பக்கத்திலேயே அறவே இல்லாமலும் இருக்கிறது.

இத்தனை சிதைந்த பாறை கைபட்டாலே உதிர வேண்டும் அல்லவா? உதிராமல் காத்தது, மணலின் முக்கியக் கூறான சிலிக்கா. நீரில் கரைந்திருந்த சிலிக்கா நுண்துளைகளில் ஓப்பல் கனிமமாக உறைந்து, துகள்களைச் சிமெண்ட்போல ஒட்டவைத்தது. முழுக் கருங்கல்லைவிட மென்மை, வெறும் களிமண்ணைவிடப் பன்மடங்கு உறுதி: 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் உளிக்கு இதைவிட இணக்கமான கல் எளிதில் வாய்த்திருக்காது. ஆலயத்தின் முதல் கட்டப் பணியை நடத்திய ஃப்ருசெல் என்ற கட்டடக் கலைஞர், நடைவழியின் மெல்லிய தூண்களை இதில்தான் எழுப்பினார்.

அதன் பலவீனமும் இதே பிறப்பிலிருந்து வருவதுதான். நுண்துளைகள் நீரை உறிஞ்சுகின்றன. எஞ்சிய களிமண் ஈரத்தில் வீங்கி, காய்ந்ததும் சுருங்குகிறது. குளிர்காலத்தில் உள்ளே புகுந்த நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடிக் கல்லைப் பிளக்கிறது. கூரைக்குக் கீழே மழையும் பனியும் எட்டாது என்றாலும், தரையிலிருந்து ஏறும் ஈரம் இருக்கிறது. அது கொண்டுவரும் உப்பு, நீர் ஆவியானதும் மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி, கல்லின் தோலைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். ஆகவே இந்தக் கல்லைப் பராமரிப்பவர்கள் முதலில் கண்வைக்க வேண்டியது தூணின் அடிப்பகுதியில்தான்.