ரெட்ராஸ்பெக்டிவ்: மீள்நோக்குத் திரையிடல்

ஒரு கலைஞரின் படங்களில் முக்கியமானவற்றைத் தேர்ந்து, அவர் நடந்து வந்த தடம் தெரியும்படி, சில நாட்களுக்குள் முழுப்படங்களாகத் திரையிடுவதே ரெட்ராஸ்பெக்டிவ். லத்தீனில் ‘ரெட்ரோ’ என்றால் பின்புறம், ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். மூக்குக்கண்ணாடியை ‘ஸ்பெக்ஸ்’ என்கிறோமே, அதற்கும் இதுவே வேர். ஓவியர்களின் வாழ்நாள் படைப்புகளை ஒன்றாக வைக்கும் கண்காட்சிகளுக்கு வழங்கிய சொல் திரைப்பட விழாக்களிலும் நிலைத்துவிட்டது.

தமிழில் பலரும் இதைப் ‘பின்னோக்கு’ என்று எழுதுகிறார்கள். இரண்டு காரணங்களால் அது பொருந்தவில்லை. கதைக்குள் வரும் ஃப்ளாஷ்பேக்கைப் ‘பின்னோக்கு உத்தி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இன்னொன்று, காலத்தைப் பேசும்போது தமிழின் ‘முன்’, ‘பின்’ வேறு திசையில் நிற்கின்றன. முன்னோர், முந்தாநாள் எல்லாம் கடந்துபோனவை. பின்னாளில், பிற்பாடு என்றால் வரப்போவது. கடந்ததைக் காட்ட இங்கே ‘பின்’ எதற்கு? ‘மறுவெளியீடு’ என்பதோ பழைய படம் ஒன்றை மீண்டும் வணிகமாகத் தியேட்டருக்குக் கொண்டுவருவது. ‘அஞ்சலி’ மறைந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்; வாழும் கலைஞருக்கும் ரெட்ராஸ்பெக்டிவ் உண்டு.

‘மீள்நோக்கு’ சரியாக உட்காருகிறது. மீள் என்றால் திரும்பி வருதல். மீட்சி, மீட்பு, மீண்டும் என்று அதன் கிளைகள் அன்றாடப் பேச்சிலேயே இருக்கின்றன. பழுதான பிரதியைச் சீராக்குவதை ‘மீட்டெடுத்தல்’ என்கிறோம். அதுவும் இதே வேரில் முளைத்தது.

நகைச்சுவை நடிகர் என்று வரும்போதுதான் இந்தச் சொல்லின் கனம் புரியும். நாகேஷை எடுத்துக்கொள்வோம். ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பாவாக வரும் அவர் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் துண்டு எல்லோர் கைப்பேசியிலும் ஓடுகிறது. துண்டுகளைக் கோத்துப் போட்டால் அது காமெடித் தொகுப்பு, மீள்நோக்கு ஆகாது. படம் எடுக்கப் பணம் கேட்டு அப்பாவை நச்சரிக்கும் மகன் அவர் என்பது தெரிந்து பார்க்கும்போது, அப்பாவாக நடித்த பாலையாவின் மிரட்சிக்கு இரட்டிப்புச் சுவை வருகிறது.

தேர்வு அகலமாக இருக்க வேண்டும். 1964-இன் ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’. 1965-இன் ‘நீர்க்குமிழி’, ‘திருவிளையாடல்’. 1968-இன் ‘எதிர்நீச்சல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’. பிறகு வில்லனாக வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றுத் தந்த ‘நம்மவர்’ (1994), பிணமாகவே நடித்த ‘மகளிர் மட்டும்’ (1994). ஆண்டு வரிசையில் ஓட்டினால்தான் ‘திருவிளையாடல்’ தருமியின் படபடப்பு ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தியின் நயவஞ்சகமாக மாறும் இடம் கண்ணில் படும். கூட்டம் சேரட்டும் என்று ‘திருவிளையாடலை’ முதல் நாளே போட்டுவிடுகிறார்கள். தடம் அங்கேயே கலைந்துவிடுகிறது.

திரையிடலில் நேரும் பெரிய பிழை சட்டக (ஃப்ரேம்) அளவு. அந்நாளைய ‘சர்வர் சுந்தரம்’ போன்ற படங்களின் அகல உயர விகிதம் 1.37:1. அதை இன்றைய 1.85 திரை முழுக்க நிரப்பினால் உயரத்தில் கால்பங்குக்கு மேல் வெட்டுப்படும். கோபுரமாக அடுக்கிய டம்ளர்களைத் தாங்கி சர்வர் முதுகை வளைத்து நடக்கிறார். மேலே வெட்டினால் அடுக்கின் உச்சி போகும், கீழே வெட்டினால் நடை போகும். நாகேஷின் நகைச்சுவை உடம்பு முழுவதிலும் இருக்கிறது. டிஜிட்டல் திரையிடலுக்கான 2கே கோப்பில் படத்தை 1480×1080 பிக்சல் அளவில் வைத்து, இருபுறமும் கறுப்பு விட்டுவிட வேண்டும். அந்தக் கறுப்பைக் குறையாக நினைக்கவே கூடாது.

அடுத்தது வேகம். தொலைக்காட்சிக்காக மாற்றிய பிரதிகள் பல, நொடிக்கு 24-க்குப் பதில் 25 சட்டகங்களாக ஓடுகின்றன. 160 நிமிடப் படம் சுமார் ஆறரை நிமிடம் முன்னதாகவே முடியும். குரலும் கீச்சென்று ஏறும். ஏற்கெனவே வேகமாகப் பேசும் நடிகருக்கு இது பெரிய அநியாயம். ஒலி ஒற்றைத் தடம் (மோனோ) என்பதால் நடு ஒலிபெருக்கியில் மட்டும் விடுங்கள். சுற்றிலும் பரப்பினால் வசனத்தின் முனை மழுங்கும்.

35 மி.மீ. பிரதி கிடைத்தால் நிமிடத்துக்கு 90 அடி என்று கணக்கிடுங்கள். அந்த 160 நிமிடப் படம் 14,400 அடி வரும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஃபிலிம் சுருங்கியிருந்தால் பல்சக்கரத்தில் துளைகள் கிழியும். அளந்து பார்க்காமல் புரொஜக்டரில் ஏற்றக்கூடாது.

உரிமை விஷயத்தில் ஒரு குறிப்பு. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1964 படங்களுக்கு 2024 இறுதியோடு அது முடிந்தது. பாடல் வரிகளுக்கும் இசைக்கும் கணக்கு வேறு, படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகள். ஆகவே படம் பொதுவாகிவிட்டது என்று பாட்டையும் சேர்த்து எண்ணிவிட வேண்டாம்.

எழுதும் முறை: ‘மீள்நோக்குத் திரையிடல்’ என்பதில் நடுவே ‘த்’ வரும்; ‘நோக்கு’ வல்லின மெய்யை அடுத்து ‘கு’வில் முடியும் வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் அடுத்த வல்லினம் மிகும். வாளும் நுதலும் சேர்ந்து ‘வாணுதல்’ ஆவதுபோல, பழைய புணர்ச்சியில் இது ‘மீணோக்கு’ என்றாகும். சுவரொட்டியில் அப்படிப் போட்டால் யாருக்கும் விளங்காது. ‘மீள்நோக்கு’ என்று பிரித்தே அச்சிடுங்கள்.