பாஸ்தா சாலட்: வேகவைத்த பிறகுதான் கவனம் வேண்டும்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மார்ச் பிறந்துவிட்டால் வெயில் 40 டிகிரியை நெருங்கிவிடும். அடுப்படியில் நிற்கவே முடியாது. குளிரக் குளிரச் சாப்பிடும் பாஸ்தா சாலட் இந்த எல்லை ஊர்களுக்கும் வந்துவிட்டதில் ஆச்சரியமில்லை. உணவியல் ஆலோசகராக நான் அதை வேண்டாம் என்பதில்லை. பொரியலில் காயை ஒதுக்கும் பிள்ளைகள்கூட இதில் வெள்ளரியும் குடைமிளகாயும் தின்கிறார்கள்.

ஆனால் இதைச் சாப்பிட்டு வாந்தியோடு வரும் பிள்ளைகளின் வீட்டார் பெரும்பாலும் தக்காளியைச் சந்தேகிக்கிறார்கள், இல்லையென்றால் வெயிலை. நான் முதலில் கேட்பது, பாஸ்தாவை எப்போது வேகவைத்தீர்கள், சாப்பிடும்வரை அது எங்கே இருந்தது என்றுதான்.

பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த பாஸ்தா வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பெல்ஜியத்தில் 2003-இல் ஒரே வீட்டின் 5 பிள்ளைகள், சில நாட்களுக்கு முன் செய்த பாஸ்தா சாலட்டைச் சாப்பிட்டு நோயுற்றார்கள். 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். சாலட் ஃபிரிட்ஜில்தான் இருந்தது, ஆனால் அந்த ஃபிரிட்ஜின் உள்ளே 14 டிகிரி. இருக்கவேண்டியது 5 டிகிரிக்குள். அடிக்கடி கரண்ட் போகும் நம் ஊரில் இதை நினைத்துப் பாருங்கள்.

‘பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நீரூற்றிய சோற்றில் புளிப்பு ஏறுகிறது, அந்தப் புளிப்பு இத்தகைய கிருமிகளை ஓரளவு அடக்கும். டப்பாவில் மூடிவைத்த பாஸ்தாவுக்கு அந்தக் காவல் இல்லை.

சரி, எப்படிச் செய்வது? ரவையில் செய்த பாஸ்தாவாகப் பார்த்து வாங்குங்கள், மைதாவில் செய்ததைவிட அது குழையாமல் நிற்கும். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர். குளிர்ந்தால் இறுகும் என்பதால் நன்றாகவே வேகட்டும். வடித்ததும், கொதிக்கவைத்து ஆறவைத்துக் குளிர்வித்த நீரில் அலசி, அகலத் தட்டில் பரப்பி, சிறிது எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். ஆறட்டும் என்று பாத்திரத்தோடு மணிக்கணக்கில் மேடையில் விடவே கூடாது. சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளரி, தக்காளி, கேரட், கொஞ்சம் பச்சை மாங்காய் எல்லாம் நன்றாகக் கழுவி, பரிமாறும்போது நறுக்கிக் கலந்தால் போதும்.

மேலே ஊற்ற எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் மிளகும், அல்லது கட்டித்தயிர். பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம். கேரளம் 2023-இல் அதைத் தடைசெய்தது, தமிழ்நாடும் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

மலம்புழா அணைக்குச் சுற்றுலா போகும்போது எடுத்துச் செல்வதானால் ஐஸ் பெட்டியில் மட்டும். இந்த வெயிலில் வெளியே 1 மணி நேரத்துக்கு மேல் இருந்த சாலட்டை, வாசனை நன்றாக இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, பிள்ளை துவண்டுபோனாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். என்ன சாப்பிட்டது, எப்போது சமைத்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.