தங்கம் ஏன் வெள்ளையாக இல்லை?

பாதரசத்தைத் தங்கமாக்கும் ரசவாதம் உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆக்க முடியும்; 1941-இலேயே செய்துவிட்டார்கள். பாதரசத்தின் அணுவெண் 80, தங்கத்துக்கு 79. ஒரே ஒரு புரோட்டான்தான் வித்தியாசம். அதிவேக நியூட்ரான்களை மோதவிட்டு அதைத் தட்டி வெளியேற்றினார்கள். வந்தது கதிரியக்கத் தங்கம். சில நாட்களில் அது மறுபடி பாதரசமாகப் போய்விடும். மற்றபடி மூலிகைச் சாறு, உலை, மந்திரம் எதுவும் அணுக்கருவை எட்டாது. யாராவது முன்பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி வேறு. தனிம அட்டவணையில் வெள்ளிக்கு நேர் கீழே இருக்கிறது தங்கம். வெளிக்கூட்டில் இரண்டுக்கும் ஒரே மாதிரி எலக்ட்ரான் அமைப்பு. அப்படியானால் தங்கமும் வெள்ளையாகத்தானே மின்ன வேண்டும்?

இங்கேதான் ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கோட்பாட்டோடு வருகிறார். 79 புரோட்டான்களின் இழுப்பில், உள்ளே இருக்கும் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் ஏறக்குறைய 58 சதவீதம். (எலக்ட்ரான் கோள்போல் கருவைச் சுற்றுவதில்லை, சரி, கணக்குக்கு அப்படி வைத்துக்கொள்வோம்.) அந்த வேகத்தில் அதன் நிறை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது, கூடியதும் கருவை நெருங்கிச் சுருங்குகிறது. வெளியே ஆறாவது கூட்டில் இருக்கும் எலக்ட்ரானும் (6எஸ் என்பார்கள்) அவ்வப்போது கருவருகே வந்துபோகிற ஆசாமி. அதனால் அதுவும் சுருங்கி, ஆற்றலில் கீழே இறங்குகிறது. இவை கருவை இன்னும் நன்றாக மறைத்துக்கொள்ள, பிடி தளர்ந்த ஐந்தாவது கூட்டின் 5டி எலக்ட்ரான்கள் ஆற்றலில் மேலே ஏறுகின்றன. ஒன்று இறங்க, மற்றொன்று ஏற, நடுவே உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது.

வெள்ளியில் ஓர் எலக்ட்ரான் அந்த இடைவெளியைத் தாண்டப் புற ஊதாக் கதிர் வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் அப்படியே திரும்பி வரும். தங்கத்துக்கு நீல ஒளியே போதும். நீலத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளையில் நீலம் போனால் மஞ்சள்.

பக்கத்து வீட்டுப் பாதரசத்திலும் இதே கதைதான். சுருங்கிய 6எஸ் கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள், இரண்டும் வீட்டை விட்டு வெளியே வராத ரகம். அண்டை அணுக்களோடு பிணைப்பு பலவீனம். அதனால்தான் மைனஸ் 39 டிகிரி செல்சியஸிலேயே உருகுகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கணினிக் கணக்கிலிருந்து சார்பியலை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். உருகுநிலை முன்பு இருந்ததைவிட 100 டிகிரிக்கும் சற்று அதிகமாக எகிறியது. இதற்கெல்லாம் எதற்கு நிதி என்று கேட்பவர்கள் உண்டு; நான் தாராளமாகக் கொடுப்பேன். அந்தக் கணக்கின்படி, காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டருக்குள் இருந்திருக்க வேண்டியது ஒரு திடமான உலோகக் கம்பி.