போர்ட்டை எப்போது எடுப்பது?

கீமோ முடிந்து தலையில் முடி லேசாக முளைக்கத் தொடங்கும் நேரத்தில் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் புடைத்துக்கொண்டிருக்கிற போர்ட்டை, அதாவது மருந்தைச் சிரைக்குள் ஏற்றுவதற்காகப் புதைத்துவைத்த சிறு கருவியை, என்ன செய்வது? "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே, எடுத்துடலாம்" என்பார் ஒருவர். "அவசரப்படாதீங்க, திரும்ப வந்துட்டா மறுபடியும் கிழிக்கணுமே" என்பார் இன்னொருவர். குடியாத்தம், ஆரணி, போளூர், வாணியம்பாடி என்று நாலாபக்கத்திலிருந்தும் வேலூருக்கு பஸ் ஏறி வந்து சிகிச்சை எடுத்த குடும்பங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் எந்த முடிவும் எடுக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

போர்ட் எதற்காக வைக்கப்பட்டது என்பது புரிந்தால் எப்போது எடுப்பது என்பதும் புரியும். சிவப்பு மருந்து என்று வார்டில் எல்லோரும் சொல்லும் டாக்ஸோரூபிசின் போன்றவை சிரைக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையையே புண்ணாக்கிவிடும். புறங்கைச் சிரையில் நிமிடத்துக்குச் சில பத்து மில்லிலிட்டர் ரத்தம்தான் ஓடுகிறது. இதயத்துக்குள் இறங்கும் மேற்பெருஞ்சிரையில் நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர். வாய்க்காலில் ஒரு படி உப்பைக் கொட்டினால் தண்ணீர் கரிக்கும். வெள்ளம் போகும் பாலாற்றில் கொட்டினால் சுவடே இருக்காது. காட்டமான மருந்தை நேரடியாக அந்தப் பெரிய ஓட்டத்தில் சேர்ப்பதற்காகவே போர்ட்டின் குழாய் நுனி இதயத்தின் வாசல்வரை போகிறது.

முழுவதும் தோலுக்கடியில் புதையும் இந்த ஏற்பாட்டைப் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்தியதை 1982ல் ஜான் நீடர்ஹூபரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டார்கள். டைட்டானியத்தால் அல்லது கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சிறு கிண்ணம், அதன்மேல் தடித்த சிலிகோன் மூடி, பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய், இவ்வளவுதான் போர்ட். அதில் குத்தும் ஹூபர் ஊசியின் நுனி வளைந்து, வாய் பக்கவாட்டில் திறந்திருக்கும். அதனால் அது சிலிகோனைத் துண்டாக வெட்டாமல் விலக்கிக்கொண்டு இறங்குகிறது; ஊசியை உருவியதும் துளை தானாக மூடிக்கொள்கிறது. ஆயிரம் தடவைக்கு மேல் குத்தினாலும் தாங்கும். ஆகவே "ரொம்ப நாள் ஆச்சு, போர்ட் கெட்டுப்போயிருக்குமோ" என்று மூடியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது குழாயைச் சுற்றி உடம்பு செய்யும் வேலையை.

அந்நியப் பொருள் ஒன்று சிரைக்குள் வந்தால் ரத்தம் அதைச் சும்மா விடாது. சில நாட்களிலேயே ஃபைப்ரின் என்ற புரத இழை குழாயின்மேல் படியத் தொடங்கும். மாதங்கள் போகப் போக அதற்குள் தசைச் செல்கள் குடியேறி, கொலாஜன் சேர்ந்து, உண்மையான திசுவாகவே ஓர் உறை உருவாகிவிடுகிறது. அந்த உறை குழாய் நுனியைத் தாண்டி நீண்டுவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். மருந்தை உள்ளே தள்ளும்போது உறை விலகி வழிவிடும். ரத்தத்தை உறிஞ்சும்போது அதுவே நுனியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். "மருந்து போகுது, ரத்தம் வர மாட்டேங்குது" என்று சிஸ்டர் சொல்வது பல நேரங்களில் இதைத்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ், யூரோகைனேஸ் போன்ற மருந்தைக் குழாயில் சிறிது நேரம் நிறுத்திவைத்துப் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள்.

இந்த அடைப்பைத் தள்ளிப்போடத்தான், உப்புநீரைச் செலுத்திக் குழாயைக் கழுவும் ஃப்ளஷ். நல்ல கை ஒன்று அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு இயற்பியல் அதில் இருக்கிறது என்பது தெரியும். சிரிஞ்ச் 10 மி.லி.க்குக் குறையக் கூடாது. கட்டைவிரலின் அழுத்தம் அதேதான் என்றாலும் குறுகலான 2 மி.லி. சிரிஞ்சில் பரப்பு குறைவு என்பதால் உள்ளே அழுத்தம் பல மடங்கு ஏறும், அடைப்பு இருந்தால் குழாயே வெடிக்கலாம். உப்புநீரை ஒரே சீராகத் தள்ளாமல் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி விடுவார்கள். அப்போது குழாய்க்குள் சுழல் உண்டாகி, சுவரில் ஒட்டியிருப்பது கழுவப்படும். பிறகு பல மருத்துவமனைகளில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த நீர். கடைசி அரை மில்லிலிட்டரைத் தள்ளிக்கொண்டே ஊசியை உருவுவார்கள். தள்ளுவதை நிறுத்திவிட்டு உருவினால் நுனி வழியாக ஒரு துளி ரத்தம் உள்ளே ஏறும். அது உறைந்தால் அடுத்த முறை தகராறுதான்.

போர்ட் தயாரிப்பவர்கள் பொதுவாக 4 வாரத்துக்கு ஒரு ஃப்ளஷ் என்கிறார்கள். சிகிச்சை முடிந்தவர்களுக்கு அதை 3 மாதம் வரை நீட்டினாலும் சிக்கல் கூடவில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மருத்துவமனை எந்த இடைவெளி சொல்கிறதோ அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனியில் தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு ஃப்ளஷ் என்பது ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும். இடைவெளி ஒரு மாதமா மூன்று மாதமா என்பது அவருக்குச் சின்ன வித்தியாசம் இல்லை. போர்ட்டை வைத்திருக்கலாமா என்று யோசிக்கும்போது இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

அபாயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலுக்கு வெளியே தொங்கும் குழாய்களைவிடப் போர்ட்டில் தொற்று குறைவு. ஆனால் கிருமி உள்ளே புகுந்துவிட்டால் குழாய்ச் சுவரில் ஒரு படலம் கட்டிக்கொண்டு, மருந்துக்கு எட்டாமல் பதுங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவோ கேண்டிடா என்ற பூஞ்சையோ ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் போர்ட்டைக் கழற்றுவதுதான் வழக்கம், அங்கே காத்திருப்பு கிடையாது. சிரையில் ரத்தக்கட்டி உண்டாகிக் கை வீங்கினால் கதை வேறு. போர்ட் நன்றாக வேலை செய்து, இன்னும் தேவையும் இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்து அதை வைத்தே காப்பாற்றலாம்.

இனி அசல் கேள்வி. "திரும்ப வந்துட்டா?" என்ற பயத்துக்கு எல்லாப் புற்றுநோயிலும் ஒரே பதில் இல்லை. சிலவற்றில் நோய் திரும்புவதென்றால் சீக்கிரம் திரும்பும். வேகமாக வளரும் பெரிய பி-செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் அது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள். பெருங்குடல் புற்றில் பெரும்பகுதி முதல் 3 ஆண்டுகளுக்குள். ஹார்மோன் ஏற்பிகளும், ஹெர்-2 என்ற புரதத்தின் மிகையும் இல்லாத மார்பகப் புற்றிலும் முதல் சில ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம். இவர்களில் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் கருதுகிறவர்கள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டோ போர்ட்டை வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றில் நிலைமை நேர் எதிர். அதில் ஆபத்து சிறிது சிறிதாக 20 ஆண்டுகள் வரைகூடப் பரவிக் கிடக்கிறது. அத்தனை ஆண்டுகள் யாரும் போர்ட்டைச் சுமக்க முடியாது. டமாக்சிஃபென், லெட்ரோசோல் மாத்திரைகளுக்கு அது தேவையும் இல்லை. ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்ற வாதம் இங்கே நிற்காது. என் கருத்தில் இவர்கள் சீக்கிரம் எடுத்துவிடுவதே நல்லது.

கீமோ முடிந்ததாலேயே சிகிச்சை முடிந்ததாக ஆகாது என்பதையும் பார்க்க வேண்டும். ஹெர்-2 வகை மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து வழக்கமாக ஓராண்டு போகும். அதை ட்ரிப்ஸில் ஏற்றுகிறவர்கள் அதுவரை போர்ட்டை எடுக்கக் கூடாது. ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை 2 ஆண்டுகளுக்கும் மேல் நீளும். நோய் பரவிய நிலையில் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்குப் போர்ட் வேலையில்தான் இருக்கிறது. இறுதி ஸ்கேன் வருவதற்கு முன்னால் எடுப்பதும் அவசரம். லிம்ஃபோமாவில் கடைசி கீமோவுக்கு 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் பெட் ஸ்கேன் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் வெள்ளணுக்களும் பிளேட்லெட்டும் தேறியிருக்கும், புண்ணும் நன்றாக ஆறும்.

எடுக்கும் வேலை பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடிகிறது. சிறு குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பார்கள். பிளேட்லெட் பொதுவாக 50,000க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய தழும்பின்மீதே கீறுகிறார்கள். கிண்ணத்தைச் சுற்றி உடம்பு கட்டியிருக்கும் நார்ப்பையைத் திறந்து, பிடித்திருக்கும் தையலை வெட்டி, குழாயை மெதுவாக உருவி, கழுத்தில் சிரை இருக்கும் இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கிறார்கள். உருவிய குழாய் முழுதாக வந்ததா என்று அங்கேயே பார்த்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இருந்த குழாய், அதிலும் குழந்தைகளிடம், சிரைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பதும் நடக்கிறது, அபூர்வமாக அறுந்தும் போகும். தேவை முடிந்தபின் வருடங்களைக் கடத்தாதீர்கள் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். மறுபடி தேவைப்பட்டால் மறுபக்கத்திலோ, சில நேரம் அதே பக்கத்திலோ புதிதாக வைக்க முடியும்.

எடுத்தபின் சில நாள் புண் நனையாமல் பார்க்க வேண்டும். வேலூர் வெயிலில் புண்மேல் போட்ட துணிக்கட்டு வியர்வையில் ஊறும்; நனைந்தவுடன் அதை மாற்ற வேண்டும். தையல் ஆறும்வரை அந்தப் பக்கத் தோளில் புல்லுக்கட்டு, தண்ணீர்க் குடம் வேண்டாம். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம் என்றால் அன்றே காட்ட வேண்டும்.

ஃப்ளஷ் விட்டுப்போய் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகிவிட்டதா? கூச்சப்பட வேண்டாம், வைத்த மருத்துவமனைக்கே போங்கள். பல போர்ட்கள் அதற்குப் பிறகும் ஒழுங்காக வேலை செய்கின்றன. பக்கத்துத் தெரு கிளினிக்கில் சாதாரண ஊசியால் மட்டும் குத்த விடாதீர்கள், அது சிலிகோன் மூடியை ஓட்டையாக்கிவிடும். ரத்தம் திரும்பவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துக் குழாய் இருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். அன்றே, "இதை வைத்திருக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா, எந்தத் தேதியில்?" என்று கேட்டு, பதிலை ஓ.பி. நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.